வேலை ஆட்டம் காணும்போது வீட்டுக் கணக்கு: எதை முதலில் தொடுவது, எதைத் தொடவே கூடாது?

வரவுசெலவு (இழையைத் தொடங்கியவர்)

ஆட்குறைப்புப் பேச்சு அடிபடும் நேரத்தில் "சிக்கனமா இருங்க" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. எந்தக் காசை எங்கே நிறுத்துவது, எந்தக் கடனை எப்போது அடைப்பது என்பதுதான் விஷயம். பேசுவதற்கு வசதியாகச் சிங்கப்பூரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

கணவருக்கு வயது 38, சம்பளம் 4,000 வெள்ளி. மனைவிக்கு 36, சம்பளம் 3,000. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சிபிஎஃப் (மத்திய சேமநிதி) 20 விழுக்காடும், இந்தியர் மேம்பாட்டு அமைப்பான சிண்டாவின் சந்தா தலா 7 வெள்ளியும் போக, கைக்கு வருவது 3,193ம் 2,393ம், ஆக 5,586. வீவக கடன் 300,000 வெள்ளி, 25 ஆண்டு, வட்டி 2.6 விழுக்காடு. தவணை ஏறக்குறைய 1,361, இருவரின் சாதாரணக் கணக்கிலிருந்தும் (சிபிஎஃப்பில் வீட்டுக்குப் பயன்படுத்தக்கூடிய பகுதி) போகிறது. வீட்டின் ரொக்கச் செலவு மாதம் 5,100. வங்கியில் 9,000 இருக்கிறது. கிரெடிட் கார்டில் 6,000 பாக்கி. மூன்று மாதத்தில் கணவரின் வேலை போகலாம்.

முதலில் வீட்டுத் தவணை, ஏனென்றால் இங்கேதான் பலருக்குக் கணக்கு கண்ணில் படுவதில்லை. 35 வயதைத் தாண்டி 45 வரை உள்ளவர்களுக்கு, முதலாளியின் பங்கும் சேர்ந்து, சம்பளத்தில் 21 விழுக்காடு சாதாரணக் கணக்கில் விழுகிறது. கணவருக்கு 840, மனைவிக்கு 630, சேர்த்தால் 1,470. தவணை அதற்குள் அடங்கிவிடுவதால் வீட்டுக்கடன் இருப்பதே கைக்குத் தெரியாது. கணவரின் வேலை போன மாதம் 840 நின்றுவிடும். தவணைக்கு 731 குறையும். சாதாரணக் கணக்கில் 20,000 இருப்பு இருந்தால் அந்தக் குறையை 27 மாதம் அதுவே தாங்கும். இருப்பு இல்லையென்றால், மனைவியின் 2,393லிருந்து 731 ரொக்கமாகப் போய், மிஞ்சுவது 1,662தான்.

அதனால் "கையில் இருக்கும் சிபிஎஃப்பை வைத்து வீட்டுக்கடனைக் கொஞ்சம் அடைத்துவிடலாமே" என்று இந்த நேரத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாதாரணக் கணக்கின் முதல் 20,000 வெள்ளிக்கு 2.5 விழுக்காட்டோடு கூடுதலாக 1 விழுக்காடு கிடைக்கிறது (அந்தக் கூடுதல் வட்டி, ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்கில் சேரும்). 3.5 ஈட்டும் பணத்தை எடுத்து 2.6 கடனை அடைப்பதில் லாபமில்லை, பாதுகாப்பும் போகிறது. சாதாரணக் கணக்கிலிருந்து சிறப்புக் கணக்குக்கு மாற்றுவதும் இப்போது வேண்டாம். ஒருமுறை மாற்றினால் திரும்ப எடுக்க வழியில்லை, வீட்டுத் தவணைக்கும் உதவாது.

பொங்கோல் வாசி

வீட்டுக் கணக்கு சரி. ஆனால் அந்த 6,000 கார்டு பாக்கியை இன்றைக்கே அடைக்க வேண்டும். ஆண்டுக்கு 26.9 விழுக்காடு என்றால் மாத வட்டி 134 வெள்ளி 50 காசு. குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு, அதாவது 180. அதில் 134.50 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் குறைவது 45.50. மாதாமாதம் 180 கட்டுகிறோம் என்ற திருப்தி மட்டும்தான் மிச்சம். பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் அரிசி, பருப்புக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், சலுகை நாள்கள் கிடையாது. வங்கியில் 9,000 தூங்குகிறது, எடுத்துக் கட்டிவிடலாம்.

கணக்குப்பிள்ளை

பொங்கோல் வாசி அண்ணே, வட்டிக் கணக்கு சரி, முடிவோடுதான் எனக்கு ஒப்பவில்லை. 6,000 கட்டிவிட்டால் கையில் 3,000. வேலை போனால், வீட்டுத் தவணையைச் சாதாரணக் கணக்கின் இருப்பே தாங்கும் என்று வைத்தாலும், செலவு 5,100, வரவு 2,393, மாதத் துண்டு 2,707. அந்த 3,000 ஐந்து வாரம்கூடத் தாங்காது. பிறகு அதே கார்டைத்தான் தேய்ப்பார்கள். அந்த நேரத்தில் வங்கி கடன் வரம்பைக் குறைத்திருந்தால் அதுவும் இல்லை.

சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது பாக்கி மாற்றம், வங்கிகள் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்று சொல்வது. வேறொரு வங்கி அந்த 6,000ஐ எடுத்துக்கொண்டு ஆறு மாதம் வட்டி இல்லாமல் தரும், தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் கட்டணம் பிடிக்கும். கட்டணம் 2 விழுக்காடு என்று வைத்தால் 120 வெள்ளி. இப்போது கட்டும் வட்டியில் ஒரு மாதத்துக்கும் குறைவு.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. மாற்றிய கணக்கின் கார்டில் புதிதாகச் செலவு செய்வது முதலாவது. புதிய செலவுக்கு 0 விழுக்காடு பொருந்தாது. அந்தக் கார்டு வந்த உறையிலேயே இருக்கட்டும். இரண்டாவது, மாதக் குறைந்தபட்சத் தொகையை ஒரு நாள் தவறவிடுவது. தாமதக் கட்டணம் 100 வெள்ளி வரை போகும், வட்டியில்லாச் சலுகையும் பறிபோகலாம். ஜைரோ (வங்கி தானாகவே கட்டும் முறை) போட்டுவிடுங்கள். மூன்றாவதுதான் பெரியது: ஆறாம் மாதக் கடைசியில் மீதி எவ்வளவோ அதற்குப் பழைய வட்டி திரும்ப வந்துவிடும். முடியும் தேதியை இன்றே நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டும்.

வங்கியில் உள்ள 9,000ஐத் தொடவே வேண்டாம். செலவை வேலை போன பிறகு குறைக்காமல் இப்போதே 3,900க்கு இறக்கினால், இரு சம்பளமும் இருக்கும் மூன்று மாதத்தில் மாதம் 1,686 வீதம் 5,058 சேரும். மொத்தம் 14,058. ஆறாம் மாதத்துக்குள் கார்டு பாக்கி 6,000ஐ முழுக்கக் கட்டினாலும் 8,058 நிற்கும். அந்தச் செலவில் ஒற்றைச் சம்பளத்தின் துண்டு 1,507தான், ஆக ஐந்து மாதத்துக்கு மேல் தாங்கும், கடனும் இல்லை.

பொங்கோல் வாசி

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. செலவை 3,900க்கு உண்மையிலேயே இறக்க முடிகிறவர்களுக்குத்தான் இந்த வழி. முதல் மாதக் கடைசியில் இறங்கவில்லை என்று தெரிந்தால், யோசிக்காமல் பாதிக் கடனையாவது அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து 6,000 கடன் 6,000 கடனாகவே நிற்கும்.

இன்னொன்று. பல வங்கிகளுக்கும் சேர்த்து மாதச் சம்பளத்தைப் போல 12 மடங்குக்கு மேல் பாக்கி இருப்பவர்களுக்கு இது போதாது. அவர்களுக்கு 2017இல் வந்த கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் இருக்கிறது, எல்லாப் பாக்கியும் ஒரே வங்கிக்குப் போய் ஒரே தவணையாகும். குழப்பமாக இருந்தால் 'கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்' அமைப்பிடம் போகலாம். தவணை தவறுவதற்கு முன்னால் போக வேண்டும், வசூல்காரர் அழைக்கத் தொடங்கிய பிறகு அல்ல.

தேக்கா அக்கா

5,100ஐ 3,900 ஆக்குவது பாதி சமையலறையில் நடக்கிற காரியம் தம்பிகளா. அதைக் கொஞ்சம் விவரமாகவே பேசுவோம்.

அரசு குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு முதலில். 2026 ஜனவரியில் ஒரு குடும்பத்துக்கு 300 வெள்ளி: 150 பேரங்காடிக்கு, 150 உணவங்காடிக்கும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளுக்கும். 31 டிசம்பர் 2026 வரை செல்லும். 2, 5, 10 வெள்ளிகளாக இருக்கும், மீதிச் சில்லறை தர மாட்டார்கள். பில் 23.40 என்றால் 10, 10, 2 கொடுத்து 1.40ஐக் காசாகக் கட்டுங்கள். பல வீடுகளில் இது 'இலவசக் காசு' ஆகி, வழக்கமாக வாங்காத பொருளுக்குப் போய்விடுகிறது. 22 வெள்ளி பற்றுச்சீட்டில் போன அன்றே 22 வெள்ளியை வங்கியின் சேமிப்புக்குத் தட்டிவிடுங்கள். அப்போதுதான் அது மிச்சம். பேட்டைக் கடைப் பாதியை ஈரச்சந்தையில் மீனுக்கும் காய்க்கும் கொடுக்கலாம், ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

மருத்துவக் கட்டணத்தில் கழிவு தரும் சாஸ் அட்டை: இந்தக் குடும்பத்துக்கு இப்போது மாத வருமானம் தலைக்கு 1,750, அது ஆரஞ்சு நிற அட்டை. ஒரு சம்பளம் போனால் தலைக்கு 750, நீல அட்டைக்குத் தகுதி. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், தானாக மாறாது. கிளினிக்கில் கழிவு கூடுவதோடு, வியாழக்கிழமைகளில் ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் நீலம், ஆரஞ்சு இரண்டுக்கும் 3 விழுக்காடு குறைப்பு இருக்கிறது.

அடுத்து, கடை மாவுப் பொட்டலம். வாரம் இரண்டு பொட்டலம் வாங்கும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. இட்லி அரிசி 800 கிராம், முழு உளுந்து 200 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. தண்ணீரோடு அரைத்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் மாவு. உளுந்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் பொங்குவது குறையும். அரைக்கும்போது ஐஸ் தண்ணீரைக் கைப்பிடி கைப்பிடியாகத் தெளியுங்கள், கல் சூடானால் மாவு எழும்பாது. அரை மணி நேரம் ஓடும் மேசை கிரைண்டருக்கு மின்சாரம் இரண்டு மூன்று காசுதான். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் வழிந்துவிடும். எட்டு மணி நேரத்தில் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும்.

அரிசி, பருப்பு வாங்கும்போது பொட்டல விலையைப் பார்க்காமல் 100 கிராம் விலையைப் பாருங்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று இல்லை, சலுகை வாரத்தில் இரண்டு சின்னது மலிவாக விழும். பருப்பை ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைத்தால் இந்த ஈரப்பதத்தில் வண்டு விழும். அதிகம் வாங்கினால் முதல் இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்து, பிறகு டப்பாவில் போடுங்கள்.

நிழல்மரம்

அக்கா, மாவு புளிக்காமல் அப்படியே கிடக்கிறதே, என்ன காரணம்?

தேக்கா அக்கா

இரவில் ஏசி ஓடும் அறைக்குப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். சமையலறை மூலையில், மூடிய 'ஓவன்' அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். கையால் ஒரு நிமிடம் கலந்துவிடுவதும் உதவும்.

மின்விசிறி

ஏசி பேச்சு வந்ததால் சொல்கிறேன். தேசிய சுற்றுப்புற வாரியம் 2017இல் எடுத்த ஆய்வில், ஒரு வீட்டு மின்சாரத்தில் ஏசிக்கு 24 விழுக்காடு, குளிர்பெட்டிக்கு 17, தண்ணீர் சூடாக்கிக்கு 11. மின்கட்டணத்தை வரியோடு யூனிட்டுக்கு ஏறக்குறைய 30 காசு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறை ஏசி சராசரியாக 0.6 கிலோவாட் இழுத்தால், இரவு எட்டு மணி நேரம் வீதம் மாதத்துக்கு 144 யூனிட், 43 வெள்ளி. 50 வாட் விசிறிக்கு அதே நேரத்தில் 12 யூனிட், 3 வெள்ளி 60 காசு. இரண்டு அறையில் தனித்தனியாக ஏசி போடும் வீடு, பள்ளி விடுமுறை வரைக்குமாவது ஒரே அறையில் படுத்தால் மாதம் நாற்பது வெள்ளி நிற்கும்.

ஏசி ஓடியும் குளிரவில்லை என்று 20 பாகைக்கு இறக்குவதற்கு முன் வடிகட்டி வலையைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும், அதற்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை.

பருவநிலைப் பற்றுச்சீட்டை மறந்த வீடுகள் நிறைய. வீவக வீடுகளுக்கு 2024இல் 300 வெள்ளி, 2025 ஏப்ரலில் இன்னொரு 100. 31 டிசம்பர் 2027 வரை செல்லும். எல்இடி விளக்கு, டிசி விசிறி, தண்ணீர் மிச்சப்படுத்தும் ஷவர், மூன்று டிக் (மின்சிக்கன முத்திரை) குளிர்பெட்டிக்கெல்லாம் கொடுக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து தண்ணீர் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி என்பதால் ஷவர் மாற்றுவதும் வீணில்லை.

வரவுசெலவு

நன்றி அக்கா, மின்விசிறி. வேலை போகும் நாளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

நிறுவனம் "நீங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுங்கள், உங்கள் பெயருக்கு நல்லது" என்று கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், தன் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கானது. முதல் மாதம் 1,500 வரை, இரண்டாவது 1,250, மூன்றாவது 1,000, பிறகு மூன்று மாதம் தலா 750, மொத்தம் 6,000 வரை. முந்தைய 12 மாதத்தில் சராசரி மாத வருமானம் 5,000க்கு மேல் போகக்கூடாது, அதில் ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் விண்ணப்பம் போடுதல், பயிற்சி, ஆலோசனை என்று 10 புள்ளி சேர்த்தால்தான் அந்த மாதப் பணம். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு இந்தக் கதவு மூடிவிடும். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் முதல் மாதத் துண்டு 1,507. இந்த 1,500 அதை ஏறக்குறைய முழுவதுமாக அடைக்கும். ஒரு கையெழுத்தின் விலை இவ்வளவு.

இரண்டாவது காப்புறுதி. சந்தாவைக் கட்டாமல் விட்டு ரத்தாக விடாதீர்கள். மருத்துவமனைத் திட்டத்தைத் தனியார் வார்டிலிருந்து அரசு மருத்துவமனையின் பி1 வகுப்புக்கு இறக்கலாம், அதற்கு மருத்துவக் கேள்விகள் கிடையாது. திரும்ப ஏற்றும்போதுதான் எல்லாவற்றையும் கேட்பார்கள், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு வந்துவிட்டால் கடினம். அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், சிபிஎஃப்பின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்தே போவதால் அது நிற்காது. வேறெந்தப் பாலிசியாக இருந்தாலும், நிறுத்தும் முன் முகவரிடம் சந்தாவைக் குறைக்கும் வழி என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் வீவக கிளை அலுவலகத்துக்கு முன்கூட்டியே போங்கள். தவணையைக் குறைக்கவும் கடன் காலத்தை நீட்டவும் வழி இருக்கிறது. அவசரத்தில் வங்கிக் கடனுக்கு மாறுவதுதான் ஆபத்து. 2025இல் வங்கி வட்டி 2.6க்குக் கீழே வந்தது உண்மை, ஆனால் 2022 கடைசியில் அதே வங்கிகளின் நிலையான வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டியது. ஒருமுறை வீவக கடனை விட்டு வெளியேறினால் திரும்ப முடியாது.

தங்கக்காசு

கையில் ரொக்கமே இல்லாத வீட்டுக்கு அடகுக்கடை இருக்கிறது. உரிமம் பெற்ற கடையில் வட்டி மாதம் 1.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, மீட்க ஆறு மாதம் உண்டு. ஆண்டுக்கு 18 விழுக்காடு, கார்டைவிடக் குறைவுதான். தங்கத்தின் எடைக்குத்தான் மதிப்பு, செய்கூலிக்கும் கல்லுக்கும் இல்லை. அதனால் வேலைப்பாடு அதிகமான ஆரத்தை வைக்காதீர்கள், வெறும் வளையலை வையுங்கள். மீட்க முடியாவிட்டால் வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பிக்கலாம். தேதியைத் தவறவிட்டால் நகை போய்விடும்.

உரிமம் பெற்ற கடன் கொடுப்பவரிடம் போனால் வட்டி மாதம் 4 விழுக்காடு வரை. 3,000 கடனுக்கு நிர்வாகக் கட்டணம் 10 விழுக்காடு வரை பிடிக்கலாம், கையில் வருவது 2,700, முதல் மாத வட்டியே 120. ஒன்றை உறுதியாக மனத்தில் வையுங்கள்: உரிமம் உள்ள எவரும் குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ "கடன் வேண்டுமா" என்று கேட்க அனுமதி இல்லை. கேட்டு வந்தால் அது மோசடி அல்லது ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்). பதில்கூட அனுப்பாதீர்கள், அடையாள அட்டைப் படத்தைக் கட்டாயம் அனுப்பாதீர்கள்.

வேலை இடத்தில் சீட்டுப் பிடிப்பவர்களுக்கும் சொல்கிறேன். உரிமம் இல்லாமல் சீட்டு நடத்துவது இங்கே குற்றம். முதலில் எடுத்தவர் ஊருக்குப் போய்விட்டால் எங்கேயும் முறையிட வழி இருக்காது. வேலைகள் நிலையில்லாத காலத்தில் அப்படிப் போகிறவர்கள் அதிகம்.

நிழல்மரம்

சேரும் அந்த 14,000ஐ எங்கே வைப்பது? அதிக வட்டி தரும் சம்பளக் கணக்கிலேயே விட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த வட்டி சம்பளம் விழுவதற்கும் மாதம் 500 வெள்ளி கார்டில் செலவு செய்வதற்கும் கிடைக்கும் ஊக்க வட்டி. சம்பளம் நின்ற மாதம் அது 0.05 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். மனைவியின் சம்பளம் விழும் கணக்கில் வைத்தால் தப்பிக்கலாம்.

நான்கு மாதத் துண்டு, ஏறக்குறைய 6,000, உடனே எடுக்கும்படி சாதாரணச் சேமிப்பில் இருக்கட்டும். மீதியைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம். குறைந்தது 500 வெள்ளி, விண்ணப்பிக்க 2 வெள்ளி, எடுக்க 2 வெள்ளி. எந்த மாதமும் அபராதமின்றித் திருப்பலாம். ஆறு மாத டி-பில் (அரசின் குறுகியகாலப் பத்திரம்) இதற்கு ஒத்துவராது, 1,000 வெள்ளியில் தொடங்கலாம் என்றாலும் முதிர்வுக்கு முன் சேமிப்புப் பத்திரம் போலத் திருப்ப முடியாது.

நிழல்மரம்

பத்திரத்தை விற்றால் பணம் அன்றே வருமா?

கணக்குப்பிள்ளை

வராது. மாதக் கடைசியிலிருந்து எண்ணி நான்காவது வேலை நாளுக்குள் கேட்டால், அடுத்த மாதம் இரண்டாவது வேலை நாளில் கணக்கில் விழும். மார்ச் 5ஆம் தேதி கேட்டாலும் ஏப்ரல் தொடக்கத்தில்தான். பள்ளிக் கட்டணம், காப்புறுதிச் சந்தா என்று பெரிய செலவு வரும் மாதத்துக்கு முந்தைய மாதம் 20ஆம் தேதிக்குள் கேட்டு வைத்துவிடுங்கள். பத்திரம் வாங்க சிடிபி கணக்கு (பங்கு, பத்திரங்களை வைக்கும் கணக்கு) வேண்டும், இருவரில் யாருக்கும் இல்லையென்றால் இந்த வாரமே திறந்துவிடுங்கள்.